குளவி போகும் சுற்றுலா

கல்விச் சுற்றுலா என்றதும் நோர்வூட் பிள்ளைகளுக்கு என்னென்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். விடியப்புறம் 3 மணிக்குப் பஸ். பின் சீட்டில் டோலக்கி. கினிகத்தேனை வளைவுகளில் இரண்டு பேருக்கு வாந்தி. பேராதனைப் பூங்கா, கண்டி, நேரமிருந்தால் பின்னவலையில் யானை குளிப்பதைப் பார்ப்பது. அடுத்த நாள் ‘நான் சென்ற சுற்றுலா’ என்று ஒரு கட்டுரை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சில பாடசாலைகள் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றிக் கிழக்கு ஆபிரிக்காவுக்கே கொண்டுபோகின்றன. கென்யாவிலும் தன்சானியாவிலும் மாடு வளர்த்து வாழும் மசாய் மக்களோடு சில நாள் பழகுவது, அவர்களிடம் மணி கோக்கவும் மாடு பார்க்கவும் கற்றுக்கொள்வது, இடையில் சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி பார்ப்பது. யோசனை நல்லதுதான். ஒரு காட்டைப் பற்றி அதன் ஓரத்திலே பிறந்து வளர்ந்தவருக்குத் தெரிவது, ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குத் தெரியாது.

அதற்கு விமானம் தேவையில்லை. நம்முடைய அதே பஸ்ஸில் கண்டி வரை போய், அங்கிருந்து ஹுன்னஸ்கிரிய தாண்டி, பேர்போன பதினெட்டு வளைவில் இறங்கினால் மகியங்கனை. அங்கிருந்து பதியத்தலாவைப் பாதையில் கொஞ்ச தூரம் போனால் தம்பானை. இலங்கையின் ஆதிவாசிகள், அதாவது வேடர்கள், வாழும் ஊர். தங்களை அவர்கள் ‘வன்னியல எத்தோ’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். இப்போதைய தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ. வேடர் என்றால் தம்பானை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்கே வாகரை, மூதூர்ப் பக்கம் நம்மைப் போலத் தமிழ் பேசும் வேடர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பயணத்தை வருடா வருடம் போய்வருகிற ஒருவர் நம் தோட்டங்களில் ஏற்கனவே இருக்கிறார். நீங்கள் பார்த்ததுமே ஓடுவீர்கள். குளவிதான்.

நம் பக்கம் குளவி என்று சொல்வதில் இரண்டு வகைப் பூச்சிகள் கலந்திருக்கின்றன. ஒன்று உண்மையான குளவி. மரப்பட்டையை மென்று, காகிதம் போன்ற ஓடு செய்து, உருண்டையாகக் கூடு கட்டும். உள்ளே இருப்பவை வெளியே தெரியாது. மற்றது கூட்டுக்கு மூடியே போடாது. உயரமான யூகலிப்டஸ் கிளையிலோ பாறை விளிம்பிலோ ஒரே ஒரு பெரிய அடை, அரைவட்டமாகத் தொங்கும். அதை ஆயிரக்கணக்கான பூச்சிகள் போர்த்திக்கொண்டு நிற்கும். அது தேனீ. மலைத்தேனீ என்பார்கள், சிங்களத்தில் பம்பரா. விஞ்ஞானப் பெயர் ஏப்பிஸ் டோர்சாட்டா. உலகத்துத் தேனீக்களில் மிகப் பெரிய வகைகளில் ஒன்று. உடம்பு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர், அடை ஒரு மீற்றர் அகலம்கூட வரும். கொழுந்து எடுக்கப் போனவர்கள் ‘குளவி கொட்டி’ ஆஸ்பத்திரியில் என்று செய்தி வருகிறதே, அதில் பல தடவை கொட்டியது இந்தத் தேனீதான்.

இது மலையிலேயே வருடம் முழுக்க இருப்பதில்லை. 1980இல் நிக்கோலாஸ் கோனிகர், குட்ரூன் கோனிகர் என்ற ஜேர்மன் ஆய்வாளர் தம்பதி, இலங்கையின் மலைத்தேனீக்கள் உலர்வலயத் தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவதை ஆராய்ந்து எழுதினார்கள். அடையைக் கைவிட்டுவிட்டு, ராணியோடு கூட்டம் முழுவதும் கிளம்பிவிடும். வழியில் மரங்களில் தங்கித் தங்கிப் போகும். வெறும் கிளையில் அடை இல்லாமல் ஒரு கொத்தாகத் தேனீ தொங்குவதைப் பார்த்திருந்தால், அது பயணத்தின் நடுவே இளைப்பாறும் கூட்டமாக இருக்கலாம்.

ஏன் போகிறது? காரணம் மழை. நோர்வூட்டில் மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று கொட்டித் தீர்க்கும். அதே காற்று மலையைத் தாண்டி மகியங்கனைப் பக்கம் இறங்கும்போது ஈரம் எல்லாம் தீர்ந்து வறண்ட காற்றாகப் போகிறது. அந்தப் பக்கத்துக்குப் பெருமழை வருவது வருடக் கடைசியில், வடகீழ்ப் பருவக்காற்றோடு. மழைக்காலம் வேறு என்றால் மரங்கள் பூக்கும் காலமும் வேறு. குளிரையும் கணக்கில் எடுங்கள். நோர்வூட் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிறது. மகியங்கனை சுமார் நூறு மீற்றரில். ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்றின் வெப்பநிலை 6.5 பாகை செல்சியஸ் அளவில் குறையும். சுற்றுலாவில் நீங்கள் பதினெட்டு வளைவின் பாதியிலேயே ஸ்வெட்டரைக் கழற்றுவீர்கள். தேனீக்குக் கழற்ற ஸ்வெட்டர் இல்லை. ஆகவே பூ எங்கேயோ, சூடு எங்கேயோ, அங்கே குடியை மாற்றிக்கொள்கிறது.

(தேயிலையைச் சுற்றியே வாழும் நமக்கு, தேனீ ஏன் தேயிலைப் பூவை நம்பி இருக்கக்கூடாது என்று ஒரு கேள்வி வரலாம். அம்மாமார் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருப்பதால் செடி பூக்கிற கட்டத்துக்குப் போவதே அபூர்வம். வேலி ஓரத்தில் யாரும் கிள்ளாமல் மரமாக வளர்ந்துவிட்ட தேயிலை இருந்தால் போய்ப் பாருங்கள். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தமுமாக அழகான பூ.)

இன்னொரு ஆச்சரியம் உண்டு. அசாமில் மலைத்தேனீக் கூடுகளின் மரபணுவைச் சோதித்து 2000ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியானது. போன கூட்டம் திரும்பி வரும்போது, அதே ராணி முன்பு இருந்த அதே இடத்துக்கே வந்து சேர்கிறதாம். வேலைக்காரத் தேனீயின் ஆயுளோ சில வாரங்கள்தான். போகும்போது வழிகாட்டியவை திரும்பும்போது உயிரோடு இல்லை. வந்து சேர்பவை அந்த மரத்தை முன்பின் பார்த்ததே இல்லை. பிறகு யார் வழி சொல்வது? இதைச் சரியாக விளக்கும் பதில் இன்னும் கிடைக்கவில்லை. உங்களில் யாராவது பெரியவர்களாகிக் கண்டுபிடிக்கக் காத்திருக்கிற கேள்வி.

சரி, தம்பானைக்கு வருவோம். நாம் கண்டு ஓடுகிற அதே தேனீயிடம்தான் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்திருக்கிறார்கள். வேடர்களைப் பற்றி 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியின் நூலில், பாறைச் சரிவில் கொடியால் பின்னிய ஏணியைத் தொங்கவிட்டு, புகை பிடித்து, வேடர்கள் மலைத்தேன் எடுத்த விதம் விவரமாக இருக்கிறது.

புகை என்ன செய்கிறது? ஒரு தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு முட்களால் தோலில் சிக்கிப் பிய்ந்து அங்கேயே நின்றுவிடும். நச்சுப்பை அதன்பிறகும் துடித்துக்கொண்டே நஞ்சை இறக்கும். கூடவே ஒரு வாசனையும் கிளம்பும். ‘எதிரி இங்கே, எல்லோரும் வாருங்கள்’ என்று அழைக்கிற வாசனை. பெரமோன் என்பார்கள். அதில் உள்ள ஒரு பொருள் பழுத்த வாழைப்பழத்திலும் இருக்கிறது. மலைத்தேனீயின் அழைப்பில் சீக்கிரம் காற்றில் கரையாத இன்னொரு பொருளும் உண்டு; அது விடாமல் துரத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். புகை இந்த வாசனையை அமுக்கிவிடுகிறது. அதோடு, காட்டுத்தீ வருகிறதோ என்று தேனீக்கள் அவசரமாகத் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பத் தொடங்கும். அந்த நேரத்தில் சண்டை மனம் குறையும். பெரமோன் என்ற சொல் உலகத்தில் பிறந்தது 1959இல். அதற்கு எத்தனையோ காலம் முன்பே பச்சை இலைக் கட்டைக் கொளுத்தியவர்களுக்கு அதன் வேலை தெரிந்திருந்தது.

இதைப் படித்துவிட்டுப் புகைபோடக் கிளம்பிவிடாதீர்கள். கூட்டுக்குக் கல் எறிவதும் வேண்டாம். குளவி கலைந்தால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடி, கதவு சாத்தக்கூடிய ஒரு இடத்துக்குள் போய்விடுங்கள். தோலில் கொடுக்கு இருந்தால் எப்படியாவது உடனே எடுத்துவிடுங்கள். எந்த விதத்தில் எடுப்பது என்று யோசிக்கிற நேரத்தில் நஞ்சு இன்னும் இறங்கும். பல இடத்தில் கொட்டியிருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே டிக்கோயா ஆஸ்பத்திரி.

மலைத்தேனீக்கும் எதிரி உண்டு. உண்மையான குளவி அதைப் பிடித்துத் தின்ன வரும். அப்போது அடையின் மேல் நிற்கும் தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்கித் தூக்கி இறக்கும். கிரிக்கெட் மைதானத்தில் ரசிகர்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்து அலை விடுவார்களே, அதேதான். ஆனால் ஒரு செக்கனுக்குள் அடை முழுவதும் ஓடி முடிந்துவிடும். நேபாளத்தில் இதைப் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள், அலை எழும்போது குளவி பின்வாங்குவதை 2008இல் காட்டினார்கள். தூரத்தில் நின்று தொலைநோக்கியால் பார்த்தால் கூட்டின் மேல் ஏதோ மின்னி மறைவது போலத் தெரியும். இதைப் பார்க்கவே ஒரு பயணம் போகலாம். நமக்குத்தான் போகத் தேவையில்லை.

தேனை வைத்து வேடர்கள் செய்த இன்னொரு வேலையை ரொபர்ட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் ஏறக்குறைய 20 வருடம் கைதியாக இருந்து தப்பிய ஆங்கிலேயர் அவர். 1681இல் லண்டனில் அச்சான அவருடைய நூலில், வேடர்கள் இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்தில் பாதுகாத்ததாகச் சொல்கிறார். குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் எப்படிக் கெடாமல் இருந்தது?

ஒரு உருளைக்கிழங்கை இரண்டு வட்டமாக வெட்டி, ஒன்றின் மேல் சீனியைக் கொட்டுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தால் அந்தத் துண்டு மட்டும் தண்ணீரில் கிடக்கும், தொட்டால் துவண்டிருக்கும். பாடப்புத்தகத்தில் இதைப் பிரசாரணம் என்று படிப்பீர்கள். தேனில் சர்க்கரை மிக அதிகம், தண்ணீரோ ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். இறைச்சியை அழுகவைக்கும் நுண்ணங்கி அதில் விழுந்தால், அதன் உடம்புத் தண்ணீரைத் தேன் இழுத்துவிடும். போதாததற்குத் தேன் அமிலத்தன்மை உள்ளது. தேனீ சேர்க்கும் ஒரு நொதியத்தால் கொஞ்சம் ஐதரசன் பேரொட்சைட்டும் அதில் உண்டாகும். புண் கழுவப் பயன்படுகிற பொருள் அது. நொக்ஸ் இதையெல்லாம் எழுதவில்லை. அவர் காலத்தில் நுண்ணங்கி கெடுக்கும் என்பதே யாருக்கும் தெரியாது.

கிழக்கு ஆபிரிக்காவிலோ தேன் காட்டுவதற்கு ஒரு பறவையே இருக்கிறது. தேன்காட்டிப் பறவை மனிதர் முன்னே வந்து கத்தும். மரம் மரமாகத் தாவித் தேன்கூட்டுக்கு அழைத்துப் போகும். மனிதர் புகைபோட்டுத் தேனை எடுப்பார். மிஞ்சும் மெழுகும் புழுவும் பறவைக்கு. வடகென்யாவின் போரான் மக்களோடு நடந்து கணக்கெடுத்தவர்கள் 1989இல் எழுதினார்கள்: பறவை இல்லாமல் ஒரு கூட்டைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 8.9 மணித்தியாலம் பிடித்தது, பறவை வழிகாட்டினால் 3.2. மனிதர் விலங்கைக் கவனிப்பது போல விலங்கும் மனிதரைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது.

மசாய் நாட்டு யானைகள் இதில் இன்னும் கெட்டிக்காரர்கள். கென்யாவின் அம்போசெலியில் 1972 முதல் யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்து ஆராய்கிறார்கள். மசாய் இளைஞர்கள் ஈட்டி வைத்திருப்பவர்கள். யானையோடு மோதல் உண்டு. பக்கத்தில் வாழும் கம்பா மக்கள் விவசாயிகள், ஆபத்துக் குறைவு. இரண்டு பகுதியினரும் உடுத்திய துணிகளை யானைக்கு முகரவைத்தார்கள். மசாய் உடுத்திய துணி என்றால் யானைகள் வேகமாக, தூரமாக ஓடின. 2007இல் வந்த முடிவு இது. பிறகு குரலைச் சோதித்தார்கள். ‘அதோ பாருங்கள், யானைக் கூட்டம் வருகிறது’ என்ற ஒரே பேச்சை மசாய் ஆணும் கம்பா ஆணும் அவரவர் மொழியில் சொல்லப் பதிவுசெய்து ஒலிபரப்பினார்கள். மசாய் ஆணின் குரலுக்கு யானைகள் கூடி நெருங்கிப் பின்வாங்கின. மசாய்ப் பெண்களின் குரலுக்கும் சிறுவர்களின் குரலுக்கும் அவ்வளவு பயப்படவில்லை. 2014இல் வெளியான ஆய்வு. யானைக்கு மொழி தெரிகிறது, ஆணா பெண்ணா என்று தெரிகிறது, வயது தெரிகிறது!

யானைக்கே தேனீ என்றால் பயம். கென்யாவில் லூசி கிங் என்ற ஆய்வாளர் இதை வைத்துத் தேன்பெட்டிகளைக் கம்பியில் தொங்கவிட்டு வேலி அமைத்தார். யானை கம்பியைத் தள்ளினால் பெட்டிகள் ஆடித் தேனீ கிளம்பும். இலங்கையில் வஸ்கமுவைப் பக்கத்துக் கிராமத்திலும் செய்து பார்த்திருக்கிறார்கள். உடவளவையில் தேனீயின் ரீங்காரத்தை மட்டும் ஒலிபரப்பியபோது நம் யானைகளும் விலகிப் போனதாக 2018இல் முடிவு வந்தது.

இனி, தம்பானையில் இறங்கியதும் என்ன செய்வீர்கள்? இதில் எனக்கு ஒரு வேண்டுகோள். ஹட்டன் பாதையில் வேனை நிறுத்திவிட்டு, கூடையோடு நிற்கும் உங்கள் அம்மாவையோ சித்தியையோ படம்பிடிப்பவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சிரிக்கச் சொல்வார்கள், எடுப்பார்கள், போய்விடுவார்கள். இந்தச் செடிக்கு எதற்குக் கவ்வாத்து, எந்த இலையைக் கிள்ளக்கூடாது, மழைக்கு முன்பு மலையில் என்ன மாற்றம் தெரியும் என்று அவர்களில் எத்தனை பேர் கேட்கிறார்கள்? தம்பானையில் வில்லோடும் தோளில் கோடரியோடும் நிற்பவரைப் பார்த்ததும் போனை எடுக்கிற ஆசை நமக்கும் வரும். கொஞ்சம் பொறுத்து, முதலில் கேளுங்கள். மலைத்தேனீ இந்தப் பக்கம் வருவது எந்த மாதம்? எந்த மரம் பூத்த தேன் கசக்கும்? உங்கள் தாத்தா காலத்தைவிடக் கூடு குறைந்திருக்கிறதா?

கஷ்டமான கேள்வி ஒன்றையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1983 நவம்பர் 9ஆம் திகதி மாதுறு ஓயா தேசியப் பூங்கா ஆனது. 588 சதுர கிலோமீற்றர். யானைக்கு நல்ல செய்தி. ஆனால் வேடர்கள் வேட்டையாடி, தேன் எடுத்து வாழ்ந்த காடும் அதற்குள்தான். பல குடும்பங்கள் வெளியே குடியேற்றப்பட்டன. அப்போதைய தலைவர் திஸாஹாமியோ தம்பானையை விட்டு அசையமாட்டேன் என்று இருந்துவிட்டார். 1959இல் செரெங்கெட்டிப் பூங்காவிலிருந்து மசாய் மக்களும் இப்படித்தான் வெளியேற்றப்பட்டார்கள். விலங்குகளைக் காப்பாற்ற மனிதரை வெளியேற்றத்தான் வேண்டுமா? பெரியவர்களே இன்னும் அடித்துக்கொள்கிற விஷயம். என்னைக் கேட்டால், காட்டோடு அத்தனை காலம் இருந்தவர்களைக் கேட்காமல் கோடு போட்டது பிழை.

ஒரு மசாய்ப் பாடசாலை நோர்வூட்டுக்குச் சுற்றுலா வந்தால் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்? தேயிலை ஸ்டோரைக் காட்டுவீர்கள், சரி. சிறுத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சிறுத்தைகள் நடமாடுவதை ஆய்வாளர்கள் தானியங்கிக் கமராக்கள் வைத்துப் பதிவுசெய்கிறார்கள். இரவில் கான் ஓரமாக நடந்து போகும். லயத்து நாய்கள் ஒரு மாதிரிக் குரைப்பதை வைத்தே வந்திருப்பது சிறுத்தை என்று சொல்லிவிடும் தாத்தாமார் நம்மிடம் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்குக் கம்பியில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனதையும் சொல்லுங்கள். மசாய்ப் பிள்ளைகளிடம் பதிலுக்கு ஒரு கதை இருக்கும்: முன்பு சிங்கத்தைக் கொன்று வீரம் காட்டிய இளைஞர்கள், 2007 முதல் அதே தடம் பார்க்கும் திறமையால் சிங்கங்களைக் காவல் காக்கிறார்கள்.

பஸ் ஒழுங்காகும் வரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் டிவிஷனில் எந்த மரத்தில் வழக்கமாகக் குளவிக்கூடு கட்டும் என்று கங்காணியையோ மலைக்குப் போகிறவர்களையோ கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. கிட்டப் போகாமல், பாதையில் நின்றபடியே பாருங்கள். கூடு முதலில் தெரிந்த திகதி, காலியான திகதி, அந்த வாரம் எந்த மரம் பூத்திருந்தது, மழை பெய்ததா இல்லையா. இவ்வளவு போதும். இரண்டு மூன்று வருடம் விடாமல் எழுதினால், மழை பிந்திய வருடம் குளவியும் பிந்தியதா என்று பார்க்கலாம். தம்பானைப் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு கொப்பி வைத்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இங்கே காலியான வாரத்துக்கும் அங்கே கூடு தெரிந்த வாரத்துக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணலாம்.